பதினேழாம் நம்பர் ஸ்லைடு

அன்னமேரி திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரியில் தாவரவியல் படித்தவள். விருத்தாசலத்தில் அவளுக்குக் கிடைத்ததோ மண்ணைச் சோதிக்கும் வேலை. மின்கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியின் லேபில் அவள்தான் கெமிஸ்ட். லாரியில் வந்து இறங்கும் களிமண்ணில் சிலிக்கா எவ்வளவு, அலுமினா எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அரவைப் பிரிவிலிருந்து வரும் வெள்ளைக்கல் மாவு போதுமான அளவு நைஸாக இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நைஸ் போதவில்லை என்றால் ஒரு சீட்டில் ‘மறுபடி அரைக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அந்தச் சீட்டு போய்ச் சேருவது அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் கையில். அவன்தான் அரவையில் மேஸ்திரி.

“வூட்லயும் நான் செய்யுறது உனக்கு ஒப்பல, கம்பெனிலயும் ஒப்பல” என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பான். மயிரிலும் புருவத்திலும் மாவு படிந்து, குளித்துவிட்டு வந்தாலும் காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. கம்பெனி கொடுத்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இருவரும் குறையில்லாமல்தான் இருந்தார்கள்.

அறுபத்தாறாம் வருஷம் சித்திரையில், வெள்ளாற்றுக்குத் தெற்கே எங்கோ ஆழமாகப் போர் போட்டபோது வந்த மண் என்று ஐந்து மரப்பெட்டிகள் வந்தன. உருளை உருளையாக, கன்னங்கரேல் என்று இருந்தது மண்.

“இது வெள்ளையா வேகுமான்னு பாரும்மா” என்றார் மேனேஜர் சுப்புராயன்.

வெள்ளையாக வேகவில்லை. சூளையில் உப்பி, செங்காவி நிறத்தில் வெடித்தது. ஆகாது என்று எழுதிவிட்டாள். ஆனால் சிலிக்காவைக் கணக்கிட அந்த மண்ணில் ஒரு சிட்டிகையை அமிலத்தில் கரைத்தபோது வினோதமாக ஒன்று நடந்தது. அந்த அமிலம் கண்ணாடியையே தின்றுவிடும். மெழுகுப் புட்டியில்தான் வைத்திருப்பார்கள். கல்லும் மணலும் அதில் மிச்சமில்லாமல் போய்விடும். இந்த மண்ணில் மட்டும் எல்லாம் போன பிறகும் பழுப்பாக ஏதோ ஒரு தூள் அடியில் தங்கியது. மறுபடி கரைத்தாள். மறுபடி தங்கியது. கழுவி, ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

உருண்டை உருண்டையாக, தேன் நிறத்தில் கூடுகள். உச்சியில் சிறிய கொம்பு. உடம்பு முழுவதும் ஆமை ஓடு போலக் கட்டம் கட்டமாக வரம்புகள். நடுவே இடுப்புக்கயிறு கட்டியது போல ஒரு பள்ளம். மேல்பக்கம் ஒரு கட்டம் மட்டும் பெயர்ந்து திறந்திருந்தது. கல்லூரியில் எத்தனையோ மகரந்தத்தூள் பார்த்தவள். இது அந்த ஜாதி இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது அவள் காதில் விழவில்லை.

பழைய கல்லூரி மதருக்கு எழுதினாள். மதர் அந்தக் கடிதத்தைப் பட்டணத்தில் ஒரு நிலவியல் விரிவுரையாளருக்கு அனுப்பினார். அவர் பெயர் கலியமூர்த்தி. அன்னமேரியைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியவர். காலை ரயிலில் வந்து இறங்கியவர், ஒரு மணி நேரம் மைக்ராஸ்கோப்பைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

“டைனோபிளாஜெல்லேட்னு சொல்வாங்கம்மா. கடல்ல மிதக்குற ஒத்தை செல் உயிரு. காலம் சரியில்லேன்னா இப்படி ஒரு கூடு கட்டி உள்ள படுத்துக்கும். காலம் திரும்புனா ஒரு கட்டத்தை மூடி மாதிரி பேத்துக்கிட்டு வெளிய போயிடும். நீங்க பாக்குறது காலிக் கூடு.”

பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கிளறினார். மூன்றாவது பெட்டியில் ஓர் உருளையை உடைத்தபோது சுருள் சங்கு ஒன்றின் அச்சு தெரிந்தது. அதைப் பார்த்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஜுராசிக். பதினஞ்சு கோடி வருஷம். நம்ம பக்கத்துல இந்த வயசுக் கடல் மண்ணு கெடைச்சதா யாரும் எழுதல. இந்தக் கூட்டைப் பாத்தீங்களா? இந்தக் குடும்பத்துல மத்த எல்லா இனத்துலயும் மூடி விழுந்துடும். இதுல விழல. ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. இது புதுசும்மா. நீங்களே எழுதுங்க.”

“நானா சார்? நான் பி.எஸ்.சி.தான்.”

“கண்டுபுடிச்சது நீங்கதான?”

என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். நாற்பது கூடுகளாவது அளக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு கட்டமும் வரைய வேண்டும். அவற்றில் ஒன்றே ஒன்றை மூல உருப்படி என்று பொறுக்கித் தனியாக வைக்க வேண்டும். இனத்தின் பெயர் அந்த ஓர் உருப்படியின் மேல்தான் நிற்கும். நாளைக்கு எவன் சந்தேகப்பட்டாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பான்.

அதன்பிறகு மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அன்னமேரி லேபுக்குப் போனாள். சுப்புராயன் தடை சொல்லவில்லை. ஒருமுறை அமிலம் நகக்கண்ணில் பட்டு, பட்டபோது ஒன்றும் தெரியாமல், சாயங்காலம் எலும்புக்குள் புகுந்து குடைந்தது. சுண்ணாம்பைக் குழைத்துக் கட்டிக்கொண்டு படுத்துக்கிடந்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். நாற்பத்து மூன்று கூடுகளை அளந்தாள். முப்பத்தெட்டில் மூடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பதினேழாம் நம்பர் ஸ்லைடில் இருந்த கூடு எல்லாவற்றிலும் அழகு. கொம்பு முனை உடையாமல், வரம்பு ஒன்றுகூடக் கலையாமல், மூடி பாதி திறந்த ஜன்னல் கதவு போல நின்றது. அதைச் சுற்றிக் கண்ணாடியின் மேல் கறுப்பு மையால் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

பெயருக்கு லத்தீன் வேண்டும். கோயிலில் காஸ்பர் சாமியிடம் போய்ப் ‘பாதி திறந்தது’ என்பதற்கு என்ன சொல்வது என்று கேட்டாள். பூசை தமிழுக்கு மாறியபின் சாமியின் லத்தீனை யாரும் தேடவில்லை. அவர் எழுந்தேவிட்டார்.

“செமிஅபெர்ட்டுஸ். இரு, இரு, அது ஆண்பால். உன் உயிரோட குடும்பப் பேரு பெண்பாலா? அப்ப செமிஅபெர்ட்டா.”

ஸ்தனிஸ்லாஸிடம் வந்து சொன்னாள்.

“பதினஞ்சு கோடி வருஷம் கழிச்சு ஞானஸ்நானமா?” என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. அது நிற்க வெகு நேரமாயிற்று.

அறுபத்தொன்பதில் அது. உள்ளூரில் காட்டினார்கள். டி.பி. என்றார்கள். தொண்ணூறு ஊசி போட்டார்கள். முட்டை, பால், மீன் என்று அவளால் ஆனதெல்லாம் கொடுத்தாள். அவன் உடம்பு மெலிந்துகொண்டே போயிற்று. சைக்கிளில் போனவன் நடந்தான். நடந்தவன் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனான். எழுபதின் நடுவில் அவள் கட்டுரையை டைப் அடித்து, படங்களோடு வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியபோது, கவரில் தபால்தலை ஒட்டியது அவன்தான். அவனால் செய்ய முடிந்த வேலை அப்போது அவ்வளவே.

எழுபத்தொன்று தை மாதம் தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன வேலை?”

“கல்லு அரவைங்க. பதினோரு வருஷம்.”

“இது டி.பி. இல்லம்மா. கல்லு மாவு உள்ள போயி நுரையீரல் ரெண்டும் தழும்பாயிருக்குது. பெரிய துகளா இருந்தா மூக்கு தடுத்துடும். ரொம்ப நைஸா இருக்குறதுதான் அடிவரைக்கும் போகும்.”

அன்னமேரி மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அரைக்கவும். மறுபடி அரைக்கவும். எத்தனை சீட்டு என்று அவளுக்கே தெரியாது.

“கரைக்க ஏதும் வழி இருக்குதுங்களா டாக்டர்?” என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரியும். வெள்ளைக்கல் மாவும் சிலிக்காதான். சிலிக்காவைக் கரைப்பது உலகத்தில் ஒன்றுதான். அது மெழுகுப் புட்டியில் அவள் மேஜைமேல் இருக்கிறது.

ஐந்து மாதம் அவனோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று இரவும் பகலும் அவன் உட்கார்ந்தே இருந்தான். ஒருநாள் அவனாகவே சொன்னான்.

“மேரி, நீ அந்தச் சீட்டையே நெனைச்சிக்கிட்டு இருக்குற. நீ எழுதலேன்னா வேற எவனாவது எழுதியிருப்பான்.”

“வேற எவனும் எழுதலியேங்க. நான்தான எழுதினேன்.”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பேச மூச்சில்லை. ஆனி மாதம் ஒரு விடியலில் உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் சுப்புராயன் ஆள் அனுப்பினார். ஆபீஸில் ஒரு தாள் தயாராக இருந்தது. ‘என் கணவர் வெளியில் தொற்றிய காசநோயால் இறந்தார். கம்பெனி வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.’

“நீ நம்ம பொண்ணு மாதிரி. கல்லு தூசுன்னு ஒரு பேச்சு கெளம்புனா இன்ஸ்பெக்டர் வருவாரு, அரவைய மூடுவாங்க. அங்க முப்பது குடும்பம் சாப்புடுது. நீ கையெழுத்து போட்டுட்டா உன் வேலையும் குவார்ட்டர்ஸும் அப்படியே இருக்கும்மா.”

போகிறதுக்கு அவளுக்கு வேறு வீடு இல்லை. அப்பன் ஆத்தாள் இல்லை. நின்று யோசிக்கத் தெம்பும் இல்லை. கையெழுத்துப் போட்டாள். பேனா மூடியைத் திருகி அவரிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் ஆய்விதழிலிருந்து வந்த கவர் இரண்டு மாதமாகக் கிடந்தது. கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம், புதிய இனம் என்பதில் ஐயமில்லை என்று எழுதியிருந்தார் ஆசிரியர். மூல உருப்படியை இன்னும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த ஸ்லைடை ஓர் அங்கீகாரம் பெற்ற அருங்காட்சியகத்தில் சேர்த்து எண் வாங்க வேண்டும். இந்த இரண்டும் வந்தால் அச்சேறும்.

ஐந்து வருஷம் காத்திருந்த சொல். யாரிடம் சொல்வது? ஸ்லைடுகளை அடுக்கி வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து லேபுக்குக் கொண்டுபோனாள்.

பதினேழை வைத்துப் பார்த்தாள். கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

கூடுகளைக் கண்ணாடியில் நிறுத்தி வைப்பது ஜெல்லி போன்ற ஒரு பசை. வெயிலில் அது இளகும். ஐந்து மாதம் ஆளில்லாத வீடு; கத்திரி வெயில்; தலைக்குமேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. டப்பாவில் ஸ்லைடுகள் செங்குத்தாக நின்றிருந்தன. பசை உருகி வழிந்து, கூடுகளும் அதோடு வழிந்து, ஓரத்தில் குவிந்து நசுங்கி, அதன்மேல் பூஞ்சணம் நூல் விட்டிருந்தது. நாற்பத்து மூன்றையும் பார்த்தாள். முழுசாக மிஞ்சியது நாலே நாலு. அந்த நாலிலும் மூடி பெயர்ந்து போயிருந்தது. அவள் எதைவைத்துப் புது இனம் என்று சொன்னாளோ அந்த ஒன்றுதான் இல்லை.

மண் இருக்கிறதே, மறுபடி கரைக்கலாம் என்று ஸ்டோருக்கு ஓடினாள். பெட்டிகள் இருந்த மூலையில் சிமெண்டு மூட்டைகள் இருந்தன.

“அந்தக் கறுப்பு மண்ணுங்களா?” என்றான் ஸ்டோர்காரன் மாணிக்கவேல். “சூளைல சாமானை அடுக்கி வேக வைப்பாங்கல்ல, அந்தப் பொட்டி செய்யுற மண்ணுல கலந்து அரைச்சாச்சே. மாசில ஸ்டோர காலி பண்ணச் சொன்னாங்க. நீங்க ஊர்ல இல்ல.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தாங்க.”

ஆயிரத்து இருநூறு டிகிரியில் வெந்தது. பதினைந்து கோடி வருஷம் அழியாமல் கிடந்தது அந்தச் சூட்டில் சாம்பலாகக்கூட மிஞ்சியிராது.

நடந்ததை எழுதிக் கேட்டதற்கு, போர்க்குழாயைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கலியமூர்த்தி பதில் எழுதினார். அந்த மண் வேறெங்கும் இல்லை. கடிதத்தின் கடைசியில் இப்படியும் இருந்தது: ‘மிஞ்சிய நாலில் நல்லதாக ஒன்றை எடுத்துப் பதினேழு என்று எண் போட்டு அனுப்புங்கள். ஓவியம் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன. மூடி அனுப்பும் வழியில் விழுந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் பார்த்தது உண்மைதானே?’

பார்த்தது உண்மைதான். அதுதான் அவளை ஒரு வாரம் தின்றது. ஒரு ஸ்லைடை எடுத்துத் துடைத்தாள். புதிதாக வட்டம் போட்டாள். பதினேழு என்று எழுதினாள். பஞ்சில் சுற்றி, தகர டப்பியில் வைத்து, விலாசம் எழுதி, போஸ்டாபீஸ் வரிசையில் போய் நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். கையில் இருந்த டப்பியைப் பார்த்தபோது சுப்புராயன் மேஜைமேல் கிடந்த தாள் ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டாவது பொய். வரிசையை விட்டு விலகி வெளியே வந்துவிட்டாள்.

ஆசிரியருக்கு அன்றே எழுதினாள். மூல உருப்படி அழிந்தது. மாற்று இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வருந்துகிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அச்சேறாத பெயருக்குப் பெயர் என்ற மதிப்பே கிடையாது. இத்தனை செய்தும் அவளுக்கு அதில் நிம்மதி வந்ததா என்றால் அதுவும் இல்லை. கல்லாகிப்போன ஒரு கூட்டுக்காக நேர்மையாக இருக்க முடிந்தது, கட்டின புருஷனுக்காக இருக்க முடியவில்லை என்ற நினைப்பு முள்ளாக உட்கார்ந்துகொண்டது. வேலைக்கு மட்டும் போனாள். மாவு வந்தால் பார்த்தாள். எவ்வளவு முரடாக வந்தாலும் ‘சரி’ என்று எழுதினாள். சுப்புராயன் இரண்டுமுறை கடிந்துகொண்டார். மூன்றாம் முறை நைஸ் பார்க்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

எழுபத்துநாலில் ஒருநாள் ராஜாம்பாள் வந்தாள். அவள் புருஷன் தங்கதுரை அரவையில் ஸ்தனிஸ்லாஸிடம் வேலை பார்த்தவன். கம்மாபுரம் பக்கத்துக்காரர்கள்.

“அக்கா, அவருக்கு ரெண்டு வருஷமா இருமலு. டி.பி.ன்னு ஊசி போடுறாங்க. கொறையல. அண்ணனுக்கும் இதே மாதிரிதான இருந்துச்சு? அவருக்கு என்னன்னு சொன்னாங்க?”

வாசல்படியிலேயே நின்று கேட்டாள். அன்னமேரி உள்ளே போய் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்தாள்.

“டி.பி. இல்ல ராஜாம்பா. கல்லு மாவு. பெரிய ஆஸ்பத்திரில சொன்னாங்க.”

“டி.பி.ன்னுதான ஆபீஸ்ல சொன்னாங்க? நீங்களே எழுதிக் குடுத்ததா சொன்னாங்களே?”

“குடுத்தேன்.”

ராஜாம்பாள் அவளையே பார்த்தாள்.

“தெரிஞ்சே குடுத்தியா? நீ படிச்சவ. உன் ஒரு வார்த்தைல நான் அவர அப்பவே அரவைலேருந்து நிறுத்தியிருப்பனே. மூணு வருஷம், அக்கா. மூணு வருஷம் அந்தத் தூசுக்குள்ள இருந்தாரு.”

ராஜாம்பாள் அழவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் அன்னமேரி லீவு போட்டுவிட்டுக் கடலூருக்குப் போனாள். தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸில், தான் கொடுத்த கையெழுத்து பொய் என்றும், நடந்தது இன்னதென்றும் நாலு பக்கம் எழுதிக்கொடுத்தாள். ஒன்றரை மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். அவர் வருவது எப்படியோ முன்கூட்டித் தெரிந்திருந்தது. அரவைப் பிரிவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஆணிக்கு ஒன்றாகத் துணி முகமூடி மாட்டியிருந்தார்கள். எந்திரம் அன்று ஓடவில்லை. குறையேதும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவளுக்கு வேலை போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்யப் பதினைந்து நாள் கொடுத்தார்கள்.

கார்த்திகையில் தங்கதுரை இறந்தான். அன்னமேரி சாவுக்குப் போனாள். தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

காஸ்பர் சாமி மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி அறிவியல் டீச்சர் வேலை வாங்கிக்கொடுத்தார். அங்கே ஒரு வாடகை அறையில் இருந்தாள். பாடம் நன்றாக நடத்துவாள் என்றும் யாரோடும் ஒட்டமாட்டாள் என்றும் சொல்வார்கள்.

எழுபத்தெட்டில் கலியமூர்த்தியிடமிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே ஏதோ ஒரு குளிர்நாட்டு ஆய்விதழின் பக்கங்கள். கடற்பாறை ஒன்றில், ஜுராசிக் மண்ணில், ஒரு புதிய இனம். மூடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கூடு. பதினோரு உருப்படிகள் கிடைத்தனவாம். எந்தப் பேராசிரியர் பெயரையோ சூட்டியிருந்தார்கள். கலியமூர்த்தி ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘இது உங்களுடையதுதானா? வேறா? வேறு என்றால், மறுபடி மண் தேடி நீங்கள் வைத்த பெயரை அச்சேற்ற இன்னும் வழி இருக்கிறது.’

அன்று சனிக்கிழமை. அன்னமேரி பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொம்பின் நீளம். இடுப்புப் பள்ளத்தின் அகலம். மூடியின் விளிம்பு. வரம்புகள் சேரும் கோணம். தன்னுடைய நாற்பத்து மூன்றை அவர்களுடைய பதினொன்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஏதாவது ஒரு வித்தியாசம், ஒரு வரம்பு கூட, ஒரு கட்டம் குறைய, கிடைத்துவிடாதா என்று பொழுது சாயும்வரை தேடினாள். கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கார்டு வாங்கி எழுதிப் போட்டாள். ‘இரண்டும் ஒன்றே. அவர்கள் வைத்த பெயரே செல்லும்.’